தம்பியைச் சாகடித்த கதை

வக்கீல் மிஸ் கார்வரின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்த அந்தக் காலை வரைக்கும், தன் தம்பியைத் தானே சாகடித்துவிட்ட விஷயம் அஸ்மெராவுக்கு மறந்தே போயிருந்தது. செத்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. செத்தவன் பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, வக்கீல் ஆபீஸ் காப்பியைக் காப்பி என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல் உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

கிப்ரோமுக்கு இருபத்தெட்டு வயது. ஓக்லாந்தில் ஏ.சி. பழுதுபார்க்கும் வேலை. அமெரிக்கக் குடியுரிமைக்கு மனுப் போட வந்திருந்தான். அவன் மனைவி ஃபெவெனும், அவன் இதுவரை போனில் மட்டுமே கொஞ்சியிருக்கிற மகள் அர்செமாவும் கம்பாலாவில் ஒற்றை அறையில் காத்திருந்தார்கள். குடியுரிமை கிடைத்துவிட்டால் அவர்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசை நகர்ந்ததைப் பார்த்தவர்கள் யாரும் அவர்களுடைய எரித்திரியத் தேவாலயத்தில் இல்லை.

குடியேறிகளுக்கு இலவசமாக வழக்குப் பார்க்கும் சங்கம் அது. மிஸ் கார்வர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு டிக் போட்டுக்கொண்டே வந்தாள். கைதானதுண்டா, குடித்துவிட்டு வண்டி ஓட்டியதுண்டா, சர்வாதிகாரக் கட்சி எதிலாவது இருந்ததுண்டா. பிறகு, பதினெட்டு வயதிலிருந்து இருபத்தாறுக்குள் இந்த நாட்டில் இருக்கிற ஆண்கள், குடியேறி வந்தவர்கள் உட்பட, ராணுவத்துக்கென்று பெயர் பதிய வேண்டுமே, நீங்கள் பதிந்தீர்களா என்று கேட்டாள்.

அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றான் கிப்ரோம்.

நிறையப் பேர் இதையேதான் சொல்கிறார்கள் என்று அவள் ஆறுதல் சொன்னாள். இப்போது யாரையும் பட்டாளத்துக்குப் பிடிப்பதில்லை, வெறும் பெயர்தான். ஆனால் இருபத்தாறு தாண்டிவிட்டால் பதியவும் முடியாது. முப்பத்தொன்று ஆகும்வரை அதிகாரி இதைப் பிடித்துக்கொண்டு மனுவைத் தள்ளலாம், தெரிந்தே பதியாமல் இருந்தவன் என்று. தெரியாது என்று நாம் நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் மூன்று வருஷம் பொறுத்திருந்து மனுப் போட வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, பதினெட்டு வயதானதும் வழக்கமாக வீட்டுக்கு ஒரு கடிதம் வருமே, உங்களுக்கு வரவில்லையா என்றாள்.

"இல்ல. எதுவும் வரல" என்றான் கிப்ரோம்.

"வந்துச்சு" என்றாள் அஸ்மெரா.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் திருப்பி அனுப்பிட்டேன். உறை மேல எழுதி அனுப்பிட்டேன்."

என்ன எழுதினீர்கள் என்று மிஸ் கார்வர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இந்த ஆள் செத்துட்டான்னு எழுதினேன்."

கிப்ரோம் காப்பிக் கோப்பையை மேசையில் வைத்தான். வைத்த இடத்தில் அவனுடைய மனு இருந்தது.

*

அஸ்மெராவைக் கேட்டால் அதில் பைத்தியக்காரத்தனம் எதுவும் இல்லை. கணக்குத்தான். எரித்திரியாவில் அவள் அண்ணன் தெக்லேவைத் தேசிய சேவைக்கு என்று கூட்டிக்கொண்டு போனார்கள். பதினெட்டு மாதம் என்றார்கள். இருபத்திரண்டு வருஷமாகிறது, அந்தப் பதினெட்டு மாதம் இன்னும் முடியவில்லை. தலை நரைத்து, பல் விழுந்து, யாரோ ஒரு கர்னலின் தக்காளித் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறான் நாட்டைக் காப்பாற்றுகிற தெக்லே. அந்த ஊரில் பெண்களையும் விடுவதில்லை. அஸ்மெராவும் பள்ளியின் கடைசி வருஷத்தைப் பட்டாள முகாமின் புழுதியில் படித்தவள்தான். அங்கே என்னென்ன படித்தாள் என்று புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. பதின்மூன்று வயதுக் கிப்ரோமைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் எல்லை தாண்டியபோது, அவளுக்குப் பதிலாக அப்பாவைப் பிடித்து உள்ளே போட்டார்கள். வெளியே வந்த பிறகு அவர் அதிக நாள் இல்லை.

அதனால் கிப்ரோமுக்குப் பதினெட்டு ஆன வாரத்தில், ஓக்லாந்து வீட்டின் தபால் பெட்டியில் அரசாங்க முத்திரை போட்ட உறை வந்தபோது, அவள் மூளை அழகாக வேலை செய்தது. ஓடிப்போய்விட்டான் என்று எழுதினால் வீட்டில் இருப்பவரைப் பிடிப்பார்கள். காணவில்லை என்று எழுதினால் தேடுவார்கள். செத்தவனை மட்டும்தான் எந்த அரசாங்கமும் நிம்மதியாக இருக்க விடும். கடிதத்தை உள்ளேயே வைத்து ஒட்டி, மேலே எழுதி, தபால் பெட்டியில் போட்டுவிட்டு முதியோர் இல்ல வேலைக்குப் போனாள். அன்று முழுக்க ஒரு கிழவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டே பாட்டு முணுமுணுத்தாளாம்.

ஒரே ஒரு சிக்கல். செத்தவன் தினமும் சாயங்காலம் அதே தெரு வழியாக, கால்பந்தை முழங்காலில் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அவர்கள் ஊரில் கிஃபா என்றால் திடீரென்று தெருவை மடக்கி வயசுப் பையன்களை லாரியில் அள்ளிப்போவது. இங்கே லாரி வந்தால் பிணம் பந்தோடு நிற்கக் கூடாதல்லவா. அதனால் ஃப்ரெஸ்னோவில் கடை வைத்திருந்த பெரியம்மா மகனுக்கு உதவிக்கு ஆள் வேண்டுமாம் என்று சொல்லி, கிப்ரோமைப் பஸ் ஏற்றிவிட்டாள். அவன் முடியாது என்று அழுதான். பள்ளிக் கால்பந்து அணியின் கேப்டன் அவன். காலேஜ் அணிக்கு ஆள் பொறுக்குகிறவர்கள் வந்து பார்க்கிற பருவம் அது. குடும்பத்துக்கு ஒரு அவசரம் என்றால் பந்துதான் பெரிசா என்று அஸ்மெரா கத்தினாள். அவன் போனான். ஃப்ரெஸ்னோவில் நான்கு மாதம் வெங்காய மூட்டை இறக்கினான். திரும்பி வந்தபோது வேறொருவன் கேப்டன்.

லாரி வரவே இல்லை. அதைத் தன் சாமர்த்தியத்துக்குக் கிடைத்த வெற்றி என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள்.

*

வக்கீல் ஆபீஸிலிருந்து திரும்பும்போது வண்டியில் யாரும் பேசவில்லை. ஓட்டியது அவள் புருஷன் கிர்மாய். ஏர்போர்ட் டாக்சிக்காரன். வாய் மூடினால் மூச்சு முட்டிவிடும் என்று பயப்படுகிற ஜாதி. பின்சீட்டில் இருந்த இரண்டு முகங்களையும் கண்ணாடியில் பார்த்துவிட்டு, சவ ஊர்வலத்துக்கு ரேட் தனி என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் வாயை மூடினான்.

வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் கிப்ரோம் பேசினான்.

"ஃப்ரெஸ்னோ அதுக்குத்தானா?"

"உயிரோட இருக்கணும்னு அனுப்பினேன்டா."

"கடையில ஆளே தேவைப்படல அக்கா. ஃப்ரெஸ்னோ அண்ணன் அப்பவே சொன்னார். எதுக்குடா வந்தேன்னு கேட்டார். நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன், அதான் நீங்க என்னைத் துரத்திட்டீங்கன்னு நெனச்சிட்டிருந்தேன். பத்து வருஷமா."

"தெக்லேவுக்கு ஆனது உனக்கும் ஆகணுமா?"

"தெக்லேகிட்ட யாராவது கேட்டாங்களா? கேக்காமத்தான கூட்டிட்டுப் போனாங்க. நீங்களும் அதத்தானே பண்ணீங்க. அங்க அரசாங்கம், இங்க அக்கா. யூனிஃபார்ம்தான் வேற."

அஸ்மெராவின் கை அவன் கன்னத்துக்குப் போனது. பாதி வழியில் நின்றது. இருபத்தெட்டு வயதுக்காரனை அடிக்கக் கூடாது என்பதற்காக அல்ல. அவன் கன்னத்தை விலக்காமல் நின்றான், அதற்காக.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைக் காப்பிக்கு அவன் வந்தான், முறைக்காக. அஸ்மெரா கொட்டை வறுத்து, இடித்து, மண் குடத்தில் பொங்கவிட்டு முதல் சுற்று ஊற்றினாள். குடித்தான், எழுந்து போனான். மூன்று சுற்று முடிந்து ஆசி சொல்லாமல் எழுந்துபோவது அவர்களிடையே முகத்தில் துப்புவதற்குச் சமம். மீதி இரண்டு சுற்றையும் கிர்மாய் ஒருவனே குடித்துவிட்டு, இன்றிலிருந்து தூக்கம் என்கிற செலவு மிச்சம் என்றான். அஸ்மெரா கோப்பையை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்க் கழுவினாள். ஒரு கோப்பையின் காது உடைந்தது.

*

மிஸ் கார்வர் ஒரு வாக்குமூலத்தை எழுதி அனுப்பியிருந்தாள். அஸ்மெரா கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அழகான ஆங்கிலம். அதில் ஒரு அஸ்மெரா இருந்தாள், பாவப்பட்ட பெண். மொழி தெரியாதவள், கடிதத்தைத் தவறாகப் புரிந்துகொண்டவள், இந்த நாட்டின் சட்டத்துக்கு நேர்ந்த அவமரியாதைக்கு மனமார வருந்துகிறவள்.

அஸ்மெரா அதைப் படித்துவிட்டு, வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, பஸ் பிடித்து நேராக வக்கீலிடம் போனாள்.

"நான் எதையும் தப்பாப் புரிஞ்சிக்கல. பட்டாளத்துக்குப் பேர் குடுன்னு கேட்டிருந்தது. பட்டாளத்துக்குப் பேர் குடுன்னு கேட்டதாப் புரிஞ்சிக்கிட்டேன். இதுல என்ன தப்பு?"

மிஸ் கார்வர் பொறுமையாக விளக்கினாள். இது உங்கள் ஊர் மாதிரி இல்லை. அதிகாரிக்கு இதம் வேண்டும். தவறு என்கிற ஒரு சொல் இருந்தால் அவர் மனம் இளகும். பிறகு, நெருக்கம் காட்டுகிற மாதிரி, தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். வியட்நாம் சண்டைக்குக் கூப்பிட்டபோது அவர் கனடாவுக்கு ஓடிவிட்டாராம். தான் பிறந்ததே அங்கேதானாம். பிறகு அரசாங்கம் பொதுமன்னிப்புக் கொடுத்தது, திரும்பி வந்தோம், உங்கள் பயம் எனக்குப் புரிகிறது என்றாள்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் அஸ்மெராவுக்குக் காது சூடாகிவிட்டது.

"உங்க அப்பா ஓடினாரு. அவர் மன்னிப்புக் கடிதம் எழுதினாரா?"

இல்லை என்றாள் மிஸ் கார்வர்.

"சரி. அவருக்குப் பதிலா உங்க தாத்தாவைப் பிடிச்சு உள்ள போட்டாங்களா?"

மிஸ் கார்வர் பேனாவை மூடினாள்.

"அவரை மன்னிச்சு, வாங்கன்னு கூப்பிட்டு வெச்சுக்கிட்டாங்க. நான் ஒரு உறை மேல ஒரு வரி எழுதினேன். எங்க அப்பா செத்து, அண்ணன் செத்த மாதிரி கெடக்குறப்போ, மிச்சம் இருந்த ஒருத்தனைக் காப்பாத்த எழுதினேன். அதுக்கு நான் முட்டாள்னு கையெழுத்துப் போடணும். போட்டாத்தான் உங்க ஆளுக்கு மனசு இளகும். அப்படித்தான?"

மிஸ் கார்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு, சட்டம் அறிந்தவர்கள் வாயடைத்துப் போகும்போது செய்வதைச் செய்தாள். நாள் கிழமை சொன்னாள். நேர்காணலுக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

*

அன்று சாயங்காலம் கம்பாலாவிலிருந்து ஃபெவென் கூப்பிட்டாள். அஸ்மெரா அவளை நேரில் பார்த்ததில்லை. கிப்ரோம் ஒரு மாத லீவில் கம்பாலா போய்க் கல்யாணம் செய்துகொண்டு வந்தவன். போனில் எப்போதும் மரியாதையாக, நான்கு சொல்லில் முடிக்கிற பெண். அன்று அவளுக்குப் பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

அஸ்மெரா முந்திக்கொண்டாள். எல்லாம் தெரியும், நான்தான் உங்கள் மூன்று வருஷத்தைச் சாப்பிட்டுவிட்டேன், திட்டுவதானால் திட்டிவிடு, ஆனால் அந்தக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று படபடவென்று கொட்டினாள்.

"திட்டக் கூப்பிடல அக்கா" என்றாள் ஃபெவென். "நானும் அந்த முகாம்லதான் இருந்தேன். உங்களுக்குப் பின்னாடி ஏழு வருஷம் கழிச்சு. கதவுல அந்தக் கடிதம் வந்திருந்தா நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். செத்துட்டான்னு. பெரிய எழுத்துல."

அஸ்மெரா சுவரில் சாய்ந்தாள். பத்து வருஷத்தில் இதை யாராவது சொல்ல மாட்டார்களா என்று அவள் காத்திருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"ஆனா" என்றாள் ஃபெவென், "அவர்கிட்ட சொல்லியிருப்பேன். நீ செத்துட்டேன்னு எழுதிட்டேன், இன்னிலேர்ந்து நீ பொணம்னு சொல்லியிருப்பேன். சிரிச்சிருப்பார். இல்ல, சண்டை போட்டு அவரே போய்ப் பதிஞ்சிருப்பார். எது பண்ணியிருந்தாலும் அவர் பண்ணினதா இருந்திருக்கும்."

குழந்தை எதையோ கீழே போட்டு உடைத்தது. ஃபெவென் போனை வைத்தாள்.

அஸ்மெராவுக்குக் கோபம் இன்னும் அப்படியேதான் இருந்தது. அது திரும்பிப் பார்த்த திசைதான் மாறியிருந்தது. சமையலறையில் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். கிர்மாய் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, தண்ணீர்ப் பஞ்சம் இருக்கிற ஊர் என்று மட்டும் சொல்லி, டாக்சி எடுக்கப் போய்விட்டான்.

*

மறுநாள் வக்கீல் அனுப்பியதன் பின்பக்கத்தில் அவளே எழுதினாள். ஆங்கிலம் மேடுபள்ளமாக வந்தது. திருத்தவில்லை.

அந்தக் கடிதம் என்ன என்று எனக்குத் தெரியும். என் நாட்டில் அப்படிப்பட்ட காகிதம் வந்த வீடுகளில் என்ன நடக்கும் என்றும் தெரியும். அதனால் தம்பி செத்துவிட்டான் என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். அவனை வேறு ஊருக்கு அனுப்பினேன். ஏன் என்று அவனிடம் சொல்லவில்லை. பத்து வருஷம் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது என்பதற்குக் காரணம் நான். இதில் நான் தவறு செய்தது உங்களுக்கு அல்ல. அவனுக்கு.

இவ்வளவுதான். அதை எடுத்துக்கொண்டு கிப்ரோமின் வேலை இடத்துக்கே போனாள். அவன் ஒரு மளிகைக் கடையின் கூரையில், பெரிய ஏ.சி. பெட்டிக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தான். அவள் ஏணியில் ஏறி வருவதைப் பார்த்து, கடைக்காரர் திட்டுவார் என்றான். திட்டட்டும் என்றாள்.

அந்தக் காகிதத்தை நீட்டினாள். ஒரு பக்கம் வக்கீலுடையது, மறுபக்கம் தன்னுடையது. வக்கீலுடையதில்தான் வேலை நடக்கும் என்று அந்தம்மா சொல்கிறாள், என்னுடையதைக் கொடுத்தால் காரியம் கெட்டுப்போகலாம் என்றாள்.

"எதைக் குடுக்கணும்னு நீ சொல்லு. முட்டாள்னு எழுதினதுல போடச் சொன்னா அதுல போடறேன். உங்க அக்கா முட்டாளாவே இருந்துட்டுப் போறேன். மூணு வருஷம் பொறுக்கலாம்னா பொறுக்கலாம். இந்தத் தடவை நான் முடிவு பண்ணல."

கிப்ரோம் கையுறையைக் கழற்றிவிட்டுப் படித்தான். இரண்டு முறை படித்தான். பேனா இருக்கிறதா என்று கேட்டான். அவள் தேடினாள், இல்லை. அவனுடைய அளவு போடுகிற பென்சிலால் கையெழுத்துப் போட முடியாது என்பதால் இருவரும் கூரையிலிருந்து இறங்கி, கல்லாவில் பேனா கேட்டு, தக்காளிக் கூடை ஒன்றின் மேல் வைத்து, அவன் காட்டிய பக்கத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். அவளுடைய பக்கம் அது. அதை மிஸ் கார்வர் தட்டச்சு செய்து சத்தியம் வாங்கியபோது, பிழைகளில் ஒன்றைக்கூடத் திருத்தவில்லை.

*

நேர்காணலில் அதிகாரி அதைப் படித்துவிட்டு, அந்தக் கடிதம் உன் கைக்கு வந்திருந்தால் பதிந்திருப்பாயா என்று கேட்டாராம். ஆமாம் என்று சொல்லச் சொல்லித்தான் மிஸ் கார்வர் கண்ணால் கெஞ்சினாளாம். தெரியாது சார், என் கைக்கு வரவில்லையே என்று கிப்ரோம் சொன்னானாம். ஆறு வாரம் கழித்து, சத்தியப் பிரமாணத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. இந்தக் கடிதத்தை அஸ்மெரா தொடவில்லை. மேசையில் அவன் பெயருக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஊருக்கு நடுவில் ஒரு பழைய தியேட்டரில் சத்தியப் பிரமாணம். போகிற வழியில் அஸ்மெரா தம்பிக்கு ஒரு யோசனை சொன்னாள். அந்தச் சத்தியத்தில், சட்டம் கேட்டால் நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவேன் என்று ஒரு வரி வரும். அந்த இடத்தில் இருமிவிடு. நான் இருமினேன், உன் அத்தான் இருமினார்.

"எங்க பேட்ச்ல எரித்திரியாக்காரங்க பதினோரு பேரு" என்றான் கிர்மாய். "அந்த வரி வந்ததும் எல்லாருக்கும் ஒரே நேரத்துல சளி புடிச்சிருச்சு. பக்கத்துல நின்ன மெக்சிகோக்காரன் பயந்து நகர்ந்துட்டான்."

கிப்ரோம் சிரித்தான். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மாடியில் சொந்தக்காரர்கள் பகுதியில் அஸ்மெரா முதல் வரிசையில் குனிந்து நின்றாள். கீழே எண்ணூறு பேர் வலக்கையை உயர்த்தினார்கள். அந்த வரி வந்தது. அங்கங்கே சிலர் இருமினார்கள், அவள் காதுக்கு அப்படித்தான் கேட்டது. கிப்ரோம் இருமவில்லை. அவன் வாய் ஒவ்வொரு சொல்லுக்கும் திறந்து மூடியதை அவள் பார்த்தாள். மற்றவர்கள் கைதட்டினார்கள். அவள் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே, கையில் குட்டிக் கொடியோடு வந்தவனைப் பார்த்து, "இருமச் சொன்னேன்ல?" என்றாள்.

"சொன்னீங்க. யோசிச்சுப் பாத்தேன் அக்கா. ஃபெவெனும் பாப்பாவும் வந்து இங்க இருக்கப்போறாங்க. கேட்டாங்க, நான் சொன்னேன்."

"நாளைக்கு நெஜமாவே கூப்பிட்டா?"

"கூப்பிட்டா அன்னிக்கு யோசிக்கிறேன். ஓடணும்னா நானே ஓடறேன். உங்ககிட்ட சொல்லிட்டு ஓடறேன்."

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. வண்டியில் ஏறியதும் ஆரம்பித்தாள். முதலில் தக்காளித் தோட்டத்துக் கர்னலைத் திட்டினாள், பிறகு அந்தக் கர்னலுக்கு மேலே இருக்கிறவர்களை, பிறகு பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் விலாசத்தை எங்கிருந்தோ கண்டுபிடித்துக் கடிதம் போடுகிற இந்த அரசாங்கத்தை, பிறகு கனடாவை, பிறகு ஃப்ரெஸ்னோவின் வெங்காயத்தை, கடைசியில் இருமத் தெரியாத தம்பியை. கிப்ரோமும் விடவில்லை. கேப்டன் பதவி, காலேஜ், நான்கு மாதம், பத்து வருஷம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். வக்கீல் ஆபீஸுக்குப் போன நாளிலிருந்து இத்தனை பேச்சு இருவருக்கும் நடுவில் நடந்ததில்லை.

வீட்டுத் தெருவுக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது. கிர்மாய் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்க வாய்ப்பே இல்லை. மீட்டர் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, திரும்பாமல் நேராக ஓட்டினான்.